எந்தப் பக்கம் வெட்டினோம்

நல்ல வார்த்தை நாலு எழுதித் தாருங்கள் என்று கேட்டிருக்கிறார்கள். ஆய்வுக்கூடத்துக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஒரு கையேடு அச்சடிக்கிறார்களாம். அதில் ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் ஊக்கமாக எழுதவேண்டுமாம். ஊக்கம் என்னிடம் கிடையாது. கோபம் இருக்கிறது, வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள். அது ஒரு பக்கத்தில் அடங்காது என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

விழுப்புரத்திலிருந்து தினமும் பஸ் பிடித்துப் போய், திண்டிவனத்தில் ஒரு கல்லூரியின் இயற்பியல் துறையில் இருபத்தெட்டு வருஷம் வேலை பார்த்தேன். அதில் பாதிக்கு மேல் புதுப் பொருள் தேடுவதிலேயே போனது. நம் தொழிலில் மூன்று கூட்டம் உண்டு. மின்சாரம் துளிகூட வீணாகாமல் ஓடும் மீக்கடத்தியைத் தேடுகிறவர்கள் ஒரு கூட்டம். சூட்டை வெகு வேகமாகக் கடத்திக் கருவிகளைக் குளிரவைக்கும் பொருளைத் தேடுகிறவர்கள் இன்னொரு கூட்டம். நாங்கள் மூன்றாவது. ஒரு பக்கம் சூடும் மறுபக்கம் குளிர்ச்சியுமாக வைத்தால் மின்சாரம் தருகிற வெப்பமின் பொருளைத் தேடுகிறவர்கள். தேடுவது வேறு வேறு, வியாதி மட்டும் ஒன்றுதான். பெரிய எண் ஒன்று வந்துவிட்டால் எல்லாருக்கும் புத்தி மங்கிப்போகும்.

சில வருஷம் முன்னால் ஒரு கறுப்புத் துணுக்கு காந்தத்தின் மேல் அரைகுறையாக எழும்பி நின்ற வீடியோ ஊரெல்லாம் சுற்றியது ஞாபகம் இருக்கும். எங்கள் தெருப் பால் பூத்காரர்கூட, அந்தரத்தில் நிற்கிற கல் வந்துவிட்டதாமே, இனிமேல் கரண்ட் பில் கட்டவேண்டாமா என்று என்னைக் கேட்டார். கொஞ்ச நாளில் அது மீக்கடத்தியே இல்லை என்று ஆனது. அதைப்பற்றி அவரும் கேட்கவில்லை, வேறு யாரும் கேட்கவில்லை. வரும்போது மேளதாளம், போகும்போது சத்தமே இல்லை. இந்த லட்சணத்தில்தான் நம் தொழில் நடக்கிறது.

வெப்பமின் பொருளுக்கு ஒரு முரண்டு உண்டு. அது மின்சாரத்தை நன்றாகக் கடத்தவேண்டும், சூட்டைக் கடத்தக்கூடாது. ஆனால் இயற்கையில் ஒன்றை நன்றாகக் கடத்துவது பெரும்பாலும் மற்றதையும் கடத்திவிடும். இரண்டையும் பிரிக்கிற பொருளைத்தான் தேடுகிறோம். மின்சாரத்துக்கு ஓர் அளவு, சூட்டுக்கு ஓர் அளவு, இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போட்டால் ஒரே ஓர் எண் வரும். அந்த எண் பெரிதாக இருந்தால் கட்டுரை, மாலை, சால்வை. சின்னதாக இருந்தால் நீங்கள் இருக்கிற இடம் யாருக்கும் தெரியாது.

எனக்கு வழிகாட்டியாக இருந்தவர் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்வார். மோசமான முடிவு வந்தால் ஏழு தடவை அளக்கிறோம், நல்ல முடிவு வந்தால் ஒரே தடவையோடு நிறுத்திக்கொள்கிறோம், நியாயமாக அது தலைகீழாக இருக்கவேண்டும் என்பார். நான் அதைக் கேட்டுத் தலையாட்டினேன். பிறகு என் மாணவர்களுக்குச் சொல்லி அவர்களையும் தலையாட்ட வைத்தேன். எனக்கென்று வந்தபோது காற்றில் பறக்கவிட்டேன். அந்தக் கதையைத்தான் எழுதப்போகிறேன்.

கலைமதி என்னிடம் ஆராய்ச்சி செய்ய வந்தவள். வளவனூர்ப் பெண். அப்பாவும் அம்மாவும் கரும்பு வெட்டுகிறவர்கள். வளவனூரிலிருந்து விழுப்புரம் வந்து, அங்கே நான் ஏறும் அதே பஸ்ஸில் ஏறித் திண்டிவனம் வருவாள். ஐந்து வருஷம் பக்கத்துப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போயிருக்கிறோம். என்னுடைய கதையும் கிட்டத்தட்ட அதேதான். வல்லம் பக்கத்தில் அடுத்தவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கியவர்கள் என்னைப் பெற்றவர்கள். மாதாகோவில் பங்குச் சாமியார் எழுதிக்கொடுத்த சிபாரிசுக் கடிதத்தோடு கல்லூரிக்குப் போனவள் நான். இதையெல்லாம் பெருமைக்குச் சொல்லவில்லை. இப்படி வந்த நான் அவளுக்கு என்ன செய்தேன் என்று நீங்கள் பார்க்கவேண்டும், அதற்காகச் சொல்கிறேன்.

அவள் உருவாக்கிய பொருள் அடுக்கடுக்கானது. பொடியை அச்சில் போட்டு, சூடாக்கி, மேலிருந்து அழுத்தினால் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வில்லை கிடைக்கும். அழுத்தும்போது உள்ளே இருக்கிற செதில்கள் எல்லாம் வெற்றிலைக் கட்டு மாதிரி ஒன்றின்மேல் ஒன்றாகப் படுத்துக்கொள்ளும். சூட்டை அளக்கிற கருவி எங்களிடம் இல்லை. வில்லையைச் சென்னையில் ஒரு நிறுவனத்துக்கு அனுப்புவோம். அவர்கள் அதன் மேல்முகத்திலிருந்து கீழ்முகத்துக்குச் சூடு எவ்வளவு போகிறது என்று அளந்து தருவார்கள். வில்லை திரும்பி வந்ததும் அதிலிருந்து ஒரு குச்சி வெட்டி, நீளவாக்கில் மின்சாரத்தை நாங்கள் அளப்போம். இரண்டையும் சேர்த்துக் கணக்குப் போடுவோம். வருஷக்கணக்காக இப்படித்தான் செய்தோம். எங்களைப்போல் இன்னும் எத்தனையோ பேர் செய்துகொண்டிருந்தார்கள்.

கலைமதியின் பொருளுக்கு எண் பிய்த்துக்கொண்டு வந்தது. நான் பார்த்ததிலேயே பெரிய எண். கட்டுரை அனுப்பினோம், ஏற்றுக்கொண்டார்கள், இணையத்திலும் வந்தது. துறைத்தலைவர் அதைக் கல்லூரி முதல்வர் அறைக்கு எடுத்துக்கொண்டு ஓடினார். மறு வாரமே கல்லூரி வாசலில் பிளெக்ஸ் பேனர் எழும்பியது. நடுவில் முதல்வர், ஒரு பக்கம் துறைத்தலைவர், மறுபக்கம் நான். கலைமதியின் படம் கீழே மூலையில் தபால்தலை அளவுக்கு இருந்தது. செய்தித்தாளின் மாவட்டப் பக்கத்தில், திண்டிவனத்தில் சூட்டிலிருந்து மின்சாரம் என்று போட்டார்கள். கல்லூரியை மதிப்பிட வெளியிலிருந்து ஒரு குழு வரப்போகிற சமயம் அது. துறைத்தலைவருக்குக் கால் தரையில் படவில்லை. எனக்கும்தான்.

அந்த வாரம்தான் ஒரு வில்லை கலைமதியின் கையிலிருந்து நழுவி விழுந்து உடைந்தது. உடைந்த ஓரத்தைப் பூதக்கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வெகுநேரம் நின்றாள். பிறகு என் மேஜைக்கு வந்தாள்.

“மேடம், சூட்டை மேலேர்ந்து கீழ அளந்து குடுத்தாங்க. கரண்டை நாம படுக்கை வாக்குல அளக்கறோம். அது அடுக்கைத் தாண்டி, இது அடுக்கு வாக்குல. ரெண்டையும் சேத்து வெச்சிக்கினு கணக்குப் போடறது சரிங்களா?”

எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. புரியாமல் போயிருந்தால்கூட மன்னிப்பு உண்டு. அடுக்கு வாக்கில் மின்சாரம் சுலபமாக ஓடும், அங்கே சூடும் சுலபமாக ஓடும். அடுக்கைத் தாண்டிப் போக இரண்டுமே திணறும். நாங்கள் என்ன செய்திருந்தோம்? சுலபமாக ஓடும் பக்கத்து மின்சாரத்தையும் திணறும் பக்கத்துச் சூட்டையும் எடுத்து ஒட்டியிருந்தோம். ஒருத்தர் தலையையும் இன்னொருத்தர் உடம்பையும் ஒட்டிய போட்டோ மாதிரி. அப்படி ஓர் ஆள் உலகத்தில் கிடையாது. எங்கள் எண்ணுக்குரிய பொருளும் உலகத்தில் கிடையாது.

இவ்வளவும் புரிந்த பிறகு நான் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

“ஊர் ஒலகம் பூரா இப்படித்தான் அளக்கறாங்க. கட்டுரையே வந்தாச்சி. வாயை மூடிக்கினு தீசிஸ் எழுதற வேலையப் பாரு.”

சரிங்க மேடம் என்று போய்விட்டாள். மறுநாளிலிருந்து பஸ்ஸில் பின் சீட்டில் உட்கார ஆரம்பித்தாள். பதினாறு நாள் அப்படிப் போனது. பக்கத்துச் சீட்டில் கைப்பையை வைத்துக்கொண்டு நான் ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்தேன். அவள் என்னைவிட அதிகமாகப் பயந்திருக்கவேண்டும். அவளுடைய பதிவுக்காலம் அந்தப் பருவத்தோடு முடிகிறது. வெளிவந்த கட்டுரை ஒன்று இருந்தால்தான் ஆய்வேட்டைக் கொடுக்க முடியும். அந்தக் கட்டுரை போனால் ஐந்து வருஷமும் பட்டமும் சேர்ந்து போகும். எனக்கு என்ன போகும்? வேலை நிரந்தரம், ஓய்வூதியம் நிச்சயம், பேனரில் மூஞ்சி மட்டும் கொஞ்சம் கிழியும். எல்லாம் போகிற நிலையில் இருந்தவள் கேள்வி கேட்டாள், ஒன்றும் போகாத நான் வாயை மூடச் சொன்னேன். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல் பற்றிக்கொண்டு வருகிறது.

பதினேழாவது நாள் ஒரு மில்காரர் வந்தார். பிரம்மதேசம் போகிற வழியில் நெல் மில் வைத்திருப்பவர். நெல் அவிக்கிற பாய்லர் அவருடையது, உமியைப் போட்டு எரிப்பார்கள். செய்தித்தாளில் வந்ததைக் கத்தரித்துச் சட்டைப்பையில் மடித்து வைத்திருந்தார். சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வீணாகப் போகிறது, உங்கள் வில்லையை அங்கே பொருத்தினால் நாலு விளக்காவது எரியுமா என்று கேட்டார். கலைமதி பக்கத்தில் நின்று கருவியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மில்காரர் ஒரு வில்லையை வாங்கி உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“இத்த பாய்லர் சுவத்துல ஒட்டனா, சூடு இந்த மூஞ்சிலேர்ந்து அந்த மூஞ்சிக்குப் போவும். கரண்ட்டும் அதே வழியா தான வரும் மேடம்?”

ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? எந்தக் கருவியாக இருந்தாலும் சூடு போகிற வழியில்தான் மின்சாரமும் வரும்.

“அப்ப நீங்களும் ரெண்டையும் அதே வழியா தான அளந்து பாத்துருப்பீங்க?”

அந்த மனுஷருக்கு எங்கள்மேல் சந்தேகமே இல்லை. எங்கள் படிப்பின்மேல் இருந்த மரியாதையில், சும்மா பேச்சுக்குக் கேட்டார். கலைமதி துடைப்பதை நிறுத்தினாள். என்னைப் பார்க்கவில்லை, கையிலிருந்த துணியையே பார்த்துக்கொண்டிருந்தாள். இன்னும் சில சோதனைகள் மிச்சம் இருக்கின்றன, முடிந்ததும் சொல்லி அனுப்புகிறேன் என்று ஏதோ உளறி அவரை அனுப்பிவைத்தேன். போகும்போது கும்பிட்டுவிட்டுப் போனார். செருப்பால் அடித்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

அன்றைக்குச் சாயங்காலம் பஸ்ஸில் நானே பின் சீட்டுக்குப் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். மிச்சமிருக்கிற பொடி எல்லாவற்றையும் போட்டு உயரமாக ஒரு கட்டி செய்தால், அதிலிருந்தே படுக்கைவாக்கிலும் நெட்டுக்குத்தாகவும் வெட்டி, இரண்டு பக்கமும் இரண்டையும் அளக்கலாம் அல்லவா என்று கேட்டேன். அவள் பையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். அந்த உயரக் கட்டிக்கான அளவுகள், வெட்டவேண்டிய கோடுகள், எல்லாம் அதில் போட்டு வைத்திருந்தாள். அவள் வாயைத்தான் என்னால் மூட முடிந்திருக்கிறது.

கட்டியைச் செய்து, வெட்டி, துண்டுகளை மாத்திரை டப்பாவில் பஞ்சு வைத்து, நானே சென்னைக்கு எடுத்துக்கொண்டு போனேன். அங்கே வரிசை நீளம். தெரிந்தவர் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி அளக்க வைத்தேன். முடிவு வந்தது. எந்தப் பக்கம் வைத்து அளந்தாலும் எங்கள் பெரிய எண்ணில் பாதிகூட இல்லை. சந்தையில் ஏற்கனவே இருக்கிற பழைய பொருளே அதைவிடத் தேவலை. என் வழிகாட்டி சொன்னபடி நல்ல முடிவை இன்னொரு தடவை அளந்தேன், பேனர் எழும்பிய பிறகு.

மதிப்பீட்டுக் குழு வர ஒரு வாரம் இருந்தது. துறைத்தலைவரிடம் போய்ச் சொன்னேன். கதவைச் சாத்தச் சொன்னார்.

“கமிட்டி வந்துட்டுப் போவட்டும் மேடம். அப்புறமா நெதானமா திருத்திக்கலாம். நம்ப கட்டுரையில எந்தப் பக்கம் வெட்டினோம்னு ஒரு வரிகூட கெடையாது. எவன் கேக்கப் போறான்? இப்ப எதுக்கு இந்தப் பேஜாரு?”

அதுதான் குற்றமே சார், அந்த ஒரு வரி இல்லாததுதான் குற்றம் என்றேன். அவர் குரலைத் தாழ்த்தி, அந்தப் பெண்ணைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள், கட்டுரையை வாபஸ் வாங்கினால் அவளுக்குப் பட்டம் கிடையாது, உங்கள் நேர்மைக்கு அவள் பலியா என்று கேட்டார். பிள்ளைகளே, இதை நன்றாகக் கவனியுங்கள். நெருக்கடியில் உங்களைத் தப்புச் செய்ய வைக்கிறவர்கள் உங்கள் பேராசையைத் தூண்டமாட்டார்கள். உங்கள் இரக்கத்தைத்தான் தூண்டுவார்கள். எனக்கும் அரைமணி நேரம் அவர் சொல்வது நியாயமாகவே பட்டது.

ஆகவே கலைமதியைக் கூப்பிட்டு உட்காரவைத்து, எல்லாவற்றையும் ஒளிக்காமல் சொன்னேன். வாபஸ் வாங்கினால் உன் பட்டம் போய்விடலாம், நீ வேண்டாம் என்றால் குழு போகும்வரை பொறுக்கலாம் என்றேன். பாருங்கள் என் யோக்கியதையை, முடிவை அவள் தலையில் கட்டப் பார்த்தேன்.

“வைவா பரிட்சைல யாராச்சும் கேட்டா நான் இன்னா மேடம் சொல்வேன்? தெரிஞ்சிக்கினே செஞ்சேன்னா?”

அவ்வளவுதான் சொன்னாள். அன்றைக்கே அந்த இதழுக்கு, அளவீடு தவறு, கட்டுரையைத் திரும்பப் பெறுகிறோம் என்று எழுதி அனுப்பினேன். நகலைத் துறைத்தலைவர் மேஜையில் வைத்தேன். அவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். கலைமதியிடம் மட்டும், குழு வருகிற அன்றைக்கு லீவு போட்டுவிடு என்று ஆள்விட்டுச் சொன்னார். நான் பஸ்ஸில் அவளிடம், நீ கட்டாயம் வரவேண்டும் என்றேன்.

குழு வந்தது. எங்கள் ஆய்வுக்கூடத்தில் துறைத்தலைவர் அதே பழைய எண்ணைத் திரையில் போட்டார். போடுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. இதழுக்குப் போன கடிதம் அவர் மேஜையிலேயே இருந்தது. எழுந்து, அந்த எண் தவறு, எங்கள் அளவீட்டில் பிழை, கட்டுரையைத் திரும்பப் பெற்றுவிட்டோம், பிழையைக் கண்டுபிடித்தது இதோ நிற்கிற மாணவி என்று சொல்லிவிட்டேன். குழுத்தலைவர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, இந்தக் கூடத்தில் தீயணைப்புக் கருவி எங்கே மாட்டியிருக்கிறது என்று கேட்டார். காட்டினோம். குறித்துக்கொண்டார். முந்திரி பக்கோடாவும் டீயும் வந்தது. சாப்பிட்டுவிட்டு வேதியியல் துறைக்குப் போய்விட்டார்கள்.

இதற்குத்தான் இத்தனை பயம். இதற்குத்தான் ஒரு பெண்ணை லீவு போடச் சொன்னது. வானம் இடிந்து விழவில்லை, கல்லூரியை யாரும் மூடவில்லை. பொய் சொன்னாலும் பக்கோடா, உண்மை சொன்னாலும் பக்கோடா.

ஆனால் கல்லூரிக்கு விழாத அடி கலைமதிக்கு விழுந்தது. கட்டுரை இல்லை, பதிவுக்காலம் முடிகிறது. ஒரு வருஷ நீட்டிப்புக் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பம் போட்டாள். தாமதத்துக்குக் காரணம் என்ற இடத்தில், அளவீட்டில் பிழை இருந்ததைக் கண்டுபிடித்துத் திருத்தியதால் கட்டுரை திரும்பப் பெறப்பட்டது என்று எழுதினாள். நான் கையெழுத்துப் போட்டேன். மூன்றாவது வாரம் விண்ணப்பம் திரும்பி வந்தது. காரணம் ஏற்கத்தக்கதல்ல என்று சிவப்பு மையில் ஒரு வரி.

அதை எடுத்துக்கொண்டு பல்கலைக்கழகத்துக்கே போனேன். ஆராய்ச்சிப் பிரிவில் இருந்த அதிகாரி நல்ல மனுஷர், உட்காரச் சொன்னார், தண்ணீர் வரவழைத்தார். விதிகளைப் புரட்டிக் காட்டினார். உடல்நலக் குறைவு, பிரசவம், இயற்கைச் சீற்றம், இவைதான் காரணங்கள். தவறைத் திருத்தினோம் என்பதற்கு அந்தப் பட்டியலில் இடமில்லை.

“ஒரு மெடிக்கல் சர்ட்டிபிகேட் வாங்கியாந்து குடுங்க மேடம். மஞ்சக்காமாலை, டைபாய்டு, எதுனா ஒண்ணு. இன்னிக்கே போட்டு அனுப்பிடறேன். நூத்துக்குத் தொண்ணூறு பேரு அப்படித்தான் குடுக்கறாங்க.”

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்று கலைமதிக்குப் போன் செய்தேன். பொய்தான், ஆனால் யாருக்கும் கெடுதல் இல்லாத பொய், உன் ஐந்து வருஷம் பிழைக்கும் என்றேன். என் குரலே எனக்குத் துறைத்தலைவர் குரல் மாதிரிக் கேட்டது.

“எனக்கு ஒடம்பு நல்லாத்தான் இருக்குது மேடம்.”

கோபமாகச் சொல்லவில்லை. யாராவது சௌக்கியமா என்று கேட்டால் சொல்கிற மாதிரி சொன்னாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். குழு முன்னால் எழுந்து நின்று சொன்னதைப் பெரிய வீரம் என்று அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றைக்குச் சொன்னதும் பாதிதான். எங்கள் பிழை என்றேனே தவிர, என் பிழை என்று சொல்லவில்லை. அவள் கேட்டாள், நான் அடக்கினேன் என்பது அதுவரை எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது.

திரும்ப உள்ளே போய் அந்த அதிகாரியிடமே ஒரு வெள்ளைத்தாள் வாங்கி எழுதினேன். அளக்கும் முறையைத் தீர்மானித்தது வழிகாட்டியாகிய நான். பிழையை மாணவி சொன்னபோது பேசக்கூடாது என்று தடுத்ததும் நான். தாமதத்துக்கு மாணவி பொறுப்பல்ல. கையெழுத்துப் போட்டு நீட்டினேன். அவர் படித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். இதை மேலே வைத்தால் உங்கள் வழிகாட்டி அங்கீகாரம் போய்விடும், யோசித்துக்கொள்ளுங்கள் என்றார். மேலே வையுங்கள் என்றேன்.

வைத்தார்கள். வழிகாட்டிகள் பட்டியலிலிருந்து என் பெயரை எடுத்தார்கள். வழிகாட்டியின் தவறு என்று ஆனதால் கலைமதியை வேறொருவரிடம் மாற்றி ஒரு வருஷம் கொடுத்தார்கள். ஓய்வு பெறும்வரை எனக்கு வேறு ஆராய்ச்சி மாணவர் வரவில்லை. பாடம் நடத்தினேன், தேர்வுத்தாள் திருத்தினேன். மில்காரரிடம் நானே நேரில் போய், அந்த வில்லை உங்களுக்கு உதவாது, நாங்கள் தப்பாக அளந்துவிட்டோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். எங்கள் பழைய எண் மட்டும் இன்னும் சாகவில்லை. போன வருஷம் வந்த ஒரு தொகுப்புக் கட்டுரையின் அட்டவணையில் அது ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது. கட்டுரை திரும்பப் பெறப்பட்டதா என்று பார்க்கக்கூட ஒருவருக்கும் நேரமில்லை. அந்த ஆசிரியர்களுக்கு இரண்டு கடிதம் போட்டேன், பதில் இல்லை. மூன்றாவதும் போடுவேன்.

கலைமதி அந்த ஒரு வருஷத்தில் முடித்தாள். அடுக்குப் பொருளை எந்தத் திசையில் அளந்தால் எண் எவ்வளவு பொய் சொல்லும் என்பதுதான் அவள் ஆய்வேடு. சின்ன எண்கள், நிறையப் பக்கங்கள். வாய்மொழித் தேர்வுக்கு நான் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தேன். நன்றாக நின்றாள். பட்டம் என்று அறிவித்தார்கள்.

பிறகு ஆய்வேட்டைப் புரட்டினேன். நன்றி சொல்கிற பக்கத்தில் அப்பா, அம்மா, புது வழிகாட்டி, அளந்து கொடுத்த சென்னைக்காரர்கள். அதற்குக் கீழே ஒரு வரி: இந்த அளவீட்டை மறுபடி செய்ய முதலில் மறுத்து, பிறகு அனுமதித்த என் முன்னாள் வழிகாட்டிக்கு நன்றி.

‘முதலில் மறுத்து’ என்ற இரண்டு சொல்லை எடுத்துவிடு, பெரியவர்கள் மனம் நோகும் என்று புது வழிகாட்டி அவளிடம் சொல்லிப் பார்த்தாராம். அவள் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் அந்த ஆய்வேட்டை அவள் முகத்திலேயே விட்டெறிந்திருப்பேன்.